பழம் நம்முடையது, பெயர் யாருடையது?

(கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளின் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே தந்திருக்கிறோம்.)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் விலையைப் பற்றிப் பேசினார்கள். எடையில் அடிக்கிற கழிவைப் பற்றிப் பேசினார்கள். அதையே நானும் பேசி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நான் வேறொரு ஊர்க் கதையைச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் பர்கண்டி என்று ஒரு பகுதி. அங்கே குளிர்ந்த மலைச்சரிவில் கருந்திராட்சை வைத்து சிவப்பு ஒயின் எடுக்கிறார்கள்.

இதைச் சொன்னதுமே பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர், "என்னப்பா செயலாளரு, கடைசியில சாராயக் கதைக்கே வந்துட்டியே" என்கிறார். இல்லீங்க சித்தப்பா. குடியைப் புகழ நான் வரவில்லை. குடியால் நம் வீடுகள் படும் பாட்டை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது திராட்சை போட்டவன் கதை. விளைந்த பழம் அவனுடையது; அதன் பெயர் வேறொருவன் கையில் இருந்தது. அந்தப் பெயரை அவன் எப்படி மீட்டான் என்பதுதான் கதை.

மயில்துத்தம் சொல்லும் உறவு

பிரான்ஸ் நமக்குத் தூரம்தான். ஆனால் திராட்சைக்காரனுக்கு அது அந்நியமில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? போர்டோ கலவை. போர்டோ என்பது பிரான்சில் ஒரு நகரம். அந்தப் பக்கத்தில் சாலையோரத் திராட்சையை ஆட்கள் பறித்துத் தின்றுவிடாமல் இருக்க, விவசாயிகள் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். 1882ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் பார்க்கிறார்: ரோட்டோரக் கொடியில் இலை பச்சையாக இருக்கிறது, உள்ளே இருக்கிற கொடியெல்லாம் அடிச்சாம்பல் நோயில் உதிர்ந்து கிடக்கிறது. ஆராய்ந்து 1885ல் வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து அடித்த மருந்து உலகத்துக்கே மருந்தாகிவிட்டது!

நம்ம பன்னீர் திராட்சையையும் 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். ஆகவே அந்த ஊர்க்காரன் பட்ட பாட்டைக் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

சரிவும் குளிரும்

பர்கண்டியில் பேர்பெற்ற இடம் ஒரு நீளமான மலைச்சரிவு. சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. கிழக்கு பார்த்த சரிவு. காலை வெயில் நேராக விழும், பனி சீக்கிரம் உலரும். மண் சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்தது. பாசனம் கிடையாது, வானம் பார்த்த பூமிதான்.

அந்தச் சரிவில் மேலே மண் கம்மி, குளிர் ஜாஸ்தி. கீழே மண் கனம், தண்ணீர் தேங்கும். குளிர்காற்றும் தண்ணீர் மாதிரியே கீழே இறங்கித் தேங்கும். நடுச்சரிவில்தான் எல்லாம் அளவோடு அமையும். அதனால் உச்ச விலை நடுச்சரிவுக்கு. அதே ஊரில் பெரிய ரோட்டுக்குக் கீழே இருக்கிற வயலில் விளைந்தால் சாதாரண விலை. நம்மூரில் வாய்க்கால் ஓரத்து வயலுக்கும் கடைமடை வயலுக்கும் வித்தியாசம் சொல்கிறோமே, அதுபோல.

இந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடித்தது? தலைமுறை தலைமுறையாகக் கொடி வெட்டியவர்களும், 900 ஆண்டுகளுக்கு முன் அங்கே மடம் அமைத்த துறவிகளும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் வைத்தார்கள். அப்படி 1,247 துண்டுகள். 2015ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது. கோயிலை அறிவிப்பார்கள், கோட்டையை அறிவிப்பார்கள். அங்கே விவசாயி பிரித்து வைத்த வயலை அறிவித்திருக்கிறார்கள்!

ஒரு வருடத்துப் பாடு

அங்கே சிவப்பு ஒயினுக்குப் போடுவது பினோ நுவார் என்ற ரகம். தோல் மெல்லிசு. குலை நெருக்கம். மழை பெய்தால் குலைக்குள்ளேயே அழுகும். சீக்கிரம் துளிர்த்துவிடும், அதனால் பனியில் மாட்டிக்கொள்ளும். வீட்டில் ஒரு நோஞ்சான் பிள்ளையை வளர்ப்பது மாதிரிதான்.

நாம் பந்தலில் ஏக்கருக்கு 600, 700 கொடி வைக்கிறோம். அவர்கள் பந்தல் போடுவதில்லை. இடுப்பளவுக் கொடி, மீட்டருக்கு ஒன்று, ஏக்கருக்கு சுமார் 4,000. ஜனவரியில் இருந்து மார்ச் வரை கவாத்து. குளிரில் கை விறைத்துப் போகும். பழைய எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, சக்கரம் வைத்துத் தள்ளுவண்டி ஆக்கி, வெட்டிய குச்சியை அதிலேயே போட்டு எரித்துக் கை காய்ச்சிக்கொண்டு வேலை செய்வார்கள். மழையில் மண் அரித்துக் கீழே போனால், அதைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது அங்கே பழைய வழக்கம்.

ஏப்ரலில் துளிர், ஜூனில் பூ. பூத்ததில் இருந்து சுமார் 100 நாளில் அறுவடை. நாம் வருடத்தில் இரண்டு மூன்று அறுவடை பார்க்கிறோம். அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். அது போனால் வருடமே போச்சு!

2021 ஏப்ரல் முதல் வாரத்தில் அதுதான் நடந்தது. மார்ச் மாதம் வழக்கத்தைவிட வெயில் அடித்தது. கொடி ஏமாந்து துளிர்த்துவிட்டது. பிறகு உறைபனி விழுந்தது. ராத்திரி முழுக்க வரிசைக்கு வரிசை பெரிய பெரிய மெழுகுப் பந்தம் கொளுத்தி வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தோட்டத்தில் நின்றார்கள். அப்படியும் பலருக்குத் துளிர் கருகிவிட்டது. 2024ல் விடாத மழை. அடிச்சாம்பல் நோய் வந்து பல தோட்டத்தில் பாதிப் பழம்கூட மிஞ்சவில்லை.

அந்த வட்டாரத்தில் போன் என்கிற நகரத்தில் அறுவடை தொடங்கும் தேதி 1354ஆம் ஆண்டில் இருந்து கிடைக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தொகுத்து 2019ல் வெளியிட்டார்கள். 1987 வரைக்கும் சராசரி செப்டம்பர் 28. 1988ல் இருந்து 2018 வரை சராசரி 13 நாள் முன்னால் வந்துவிட்டது. பருவம் மாறிவிட்டது என்று விவசாயி சொன்னால் "உனக்கு என்னப்பா தெரியும்" என்கிறார்கள். இதோ, 600 வருடக் கணக்கு!

பழம் ஒயினாகும் விதம்

நல்ல தோட்டங்களில் கையால்தான் பறிப்பார்கள். அழுகல், காய் எல்லாம் மேஜையில் கொட்டிப் பொறுக்குவார்கள். காம்பு நீக்கி, பழத்தைப் பெரிய தொட்டியில் போடுவார்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கருந்திராட்சையைப் பிழிந்தால் சாறு கருப்பாக வருமா? வராது. சாறு வெளுப்புதான். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கிறது. அதனால் தோலோடு சேர்த்துப் புளிக்க விட வேண்டும். ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கும். அப்போது சூடு ஏறும், 30 டிகிரி வரைக்கும் போகும். தோலெல்லாம் மேலே மிதந்து கனமான ஆடை மாதிரி கட்டிக்கொள்ளும். அதைக் கட்டையாலோ, தொட்டியில் இறங்கிக் காலாலோ நாள்தோறும் உள்ளே அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுவிடும்.

தொட்டியில் இருந்து கரியமில வாயு கிளம்பும். நிலவறையில் அது தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவார்கள். பாழுங்கிணற்றில் இறங்குமுன் நம்ம ஆட்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது இதற்குத்தானே? விவசாயி எங்கே இருந்தாலும் சாவு பக்கத்திலேயே நிற்கிறது.

இரண்டு மூன்று வாரம் கழித்து வடித்துப் பிழிந்து ஓக் மரப் பீப்பாயில் ஊற்றுவார்கள். ஒரு பீப்பாய் 228 லிட்டர், சுமார் 300 பாட்டில். பீப்பாயில் ஒரு வருடம், ஒன்றரை வருடம். மர இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறையக் குறைய ஊற்றி நிரப்ப வேண்டும்; காற்றுப் பட்டால் காடியாகிவிடும். குளிர் வருடத்தில் பழத்தில் சர்க்கரை பத்தாது. அப்போது சாற்றில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது; அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

விளைச்சலுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊர்ப் பெயரில் சிவப்பு ஒயின் விற்பதென்றால், ஏக்கருக்கு சுமார் 1,600 லிட்டர்தான் அடிப்படை அளவு. பழக் கணக்கில் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நாம் ஒரே அறுவடையில் அதைத் தாண்டிவிடுவோம். அப்படியென்றால் அவனுக்கு வருமானம் எங்கே இருந்து வருகிறது? பெயரில் இருந்து! இந்த ஊர்ப் பழம், இந்தச் சரிவுப் பழம் என்ற பெயரில் இருந்து.

உழைத்தவன் ஒருவன், பெயர் போட்டவன் இன்னொருவன்

ஆனால் நூறு வருடம் முன்பு அந்தப் பெயர் விவசாயி கையில் இல்லை.

அப்போது சிறு விவசாயிக்குப் பாட்டில் கிடையாது, லேபிள் கிடையாது. பழமாகவோ பீப்பாயாகவோ நகரத்து மொத்த வியாபாரிக்குக் கொடுப்பான். விலை வியாபாரி வைத்ததுதான். இதில் கொடுமை என்னவென்றால், வியாபாரிகள் பலர் தெற்குப் பிரான்சில் இருந்தும் அல்ஜீரியாவில் இருந்தும் மலிவு ஒயினைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலந்துவிட்டு, பேர்பெற்ற மலைச்சரிவு ஊரின் பெயரை ஒட்டினார்கள்! ஒரு ஊரில் விளைவதைவிடப் பல மடங்கு அந்த ஊர்ப் பெயரில் விற்றது. அப்புறம் உண்மையான பழத்துக்கு எவன் விலை கொடுப்பான்?

இதைக் கேட்கும்போது எனக்கு என் கதைதான் ஞாபகம் வருகிறது. நான் ஒரு முறை 28 ரூபாய்க்குக் கொடுத்த பழத்தை, நாலாம் நாள் ஒரு பெரிய நகரத்துக் கடையில் 90 ரூபாய்க்குப் பார்த்தேன். பெட்டி மேலே வியாபாரியின் படம். என் ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. பக்கத்துக் கடையில் எங்கேயோ விளைந்த புளிப்புப் பழத்தை "கம்பம் பன்னீர்" என்று கூவி விற்கிறார்கள். என் பழத்துக்கு என் பெயர் இல்லை. என் பெயரில் என் பழம் இல்லை! கடைக்காரரிடம் கேட்டேன். "பேரா முக்கியம்? பழத்தைப் பாருங்க" என்றார். வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும்: பெயர்தான் முக்கியம்!

பெயரை மீட்ட கதை

பிரான்ஸ் விவசாயி என்ன செய்தான்? முதலில் தெருவுக்கு வந்தான். 1907ல் தெற்குப் பிரான்சில் கலப்பட ஒயினை எதிர்த்து மோன்பெலியே நகரத்தில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். நார்போன் நகரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1907 ஜூன் 29ல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் விளைச்சலைக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆனது. 1919ல் ஊர்ப் பெயரைக் காக்க ஒரு சட்டம். பெயரைத் தவறாகப் போடுகிறவன் மேல் விவசாயியும் அவன் சங்கமும் வழக்குப் போடலாம்.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? நமக்குத் தெரியாதா! பர்கண்டியில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். நுயி சான் ஜோர்ஜ் ஊர்க்காரர் ஆன்ரி கூஜ். வோல்னே ஊரின் மார்க்கி தான்ஜெர்வில். ஒருவர் விவசாயி, இன்னொருவர் பிரபு குடும்பம். 1920களில் பொய்ப்பெயர் போட்ட வியாபாரிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? "உன் ஒயினை வாங்கமாட்டோம்" என்று ஒதுக்கிவைத்தார்கள். சரி, நீ வாங்காவிட்டால் போ என்று அவர்கள் தங்கள் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்து, தங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டு நேரடியாக விற்றார்கள். வியாபாரி வைத்த பகிஷ்காரம் விவசாயிக்கு வழியைத் திறந்துவிட்டது!

1935ல் எந்த எல்லைக்குள், எந்த ரகம், எவ்வளவு விளைச்சல், எப்படிச் செய்தால் இந்தப் பெயரைப் போடலாம் என்று நாடு முழுக்க முறைப்படுத்தும் சட்டம் வந்தது. அந்த எல்லைகளை வகுப்பதில் விவசாயச் சங்கங்களுக்கும் பங்கு இருந்தது.

இது பேர்பெற்ற சரிவின் கதை. அதற்கும் மேலே, இன்னும் குளிரான மேட்டில் இருந்தவர்கள் கதை வேறு. வேர்ப்பேன் பூச்சி பரவியபோது அவர்கள் கொடிகள் அழிந்தன. அமெரிக்கக் கொடியை அடிச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டினால் தப்பலாம் என்று தெரிந்தபிறகும், மேட்டுக்காரனுக்குச் செலவு செய்யக் கையில் காசில்லை. பலர் தோட்டத்தைக் கைவிட்டார்கள். சிலர் சின்னப் பழச்செடிகள் வைத்துப் பிழைத்தார்கள். பிறகு 1957ல் கூட்டுறவு ஒயின் கூடம் அமைத்தார்கள். 1961ல் தங்கள் மேட்டுக்கென்று தனிப்பெயர் வாங்கினார்கள். வரிசையை அகலமாக்கி, சாதாரண டிராக்டர் போகும்படி கொடி வைத்துச் செலவைக் குறைத்தார்கள். தனியாகப் பாட்டில் அடைக்க வசதி இல்லாதவன் கூட்டாக அடைத்தான். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஜெயித்த பிறகு வந்த ஆபத்து

கதை இதோடு முடிந்தால் நான் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும்.

பெயர் ஏறியது, நிலத்தின் விலையும் ஏறியது. உச்சத் தரத்து நிலம் இன்றைக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 60 லட்சம் யூரோவுக்கு மேல். அப்பா இறந்தால் பிள்ளைகள் வாரிசு வரி கட்ட வேண்டும். ஒயின் விற்று வரும் காசு அந்த வரிக்கே பத்தாது. அண்ணன் தம்பியில் ஒருவன் தன் பங்கைக் காசாகக் கேட்டால் வாங்கிக்கொள்ள மற்றவனிடம் பணமிருக்காது. அப்போது பணமூட்டையோடு வெளியாள் வந்து நிற்பான். 2014ல் க்ளோ தே லாம்ப்ரே என்ற தோட்டத்தை ஆடம்பரக் கைப்பை விற்கிற எல்விஎம்எச் கம்பெனி வாங்கியது. 2017ல் பக்கத்திலேயே க்ளோ த தார் என்ற தோட்டத்தை இன்னொரு கோடீசுவரக் குடும்பத்தின் கம்பெனி வாங்கியது.

அவர்களிடம் சில தடுப்புகள் இருக்கின்றன. குத்தகைச் சட்டம் 1940களிலேயே வந்துவிட்டது: குறைந்தது 9 வருடக் குத்தகை, தொகைக்கு அரசு வரம்பு, நிலம் விற்கும்போது குத்தகைக்காரனுக்கு முன்னுரிமை. விவசாய நிலம் விலைக்கு வந்தால் முந்திக்கொண்டு வாங்கி இளம் விவசாயிக்குக் கொடுக்க சாஃபேர் என்ற அமைப்பு 1960 முதல் இருக்கிறது. ஆனால் நிலத்தை நேராக விற்காமல் கம்பெனிப் பங்காக விற்று அதை ஏமாற்றினார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2021 டிசம்பரில் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? பெயரை மீட்பது பாதி வேலை. நிலம் உழுகிறவன் கையில் நிற்க வேண்டும், அது மீதிப் பாதி. ஒன்றை விட்டால் இன்னொன்றும் போய்விடும்.

நாம் செய்ய வேண்டியது

நமக்கு 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், இனிப்புக் கொடுத்தோம். சரி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைப் பதிந்தவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். (சில கைகள் மட்டும் உயர்ந்தன.)

இதுதான் நம் நிலைமை. குறியீடு என்பது சுவரில் மாட்டும் சான்றிதழ் இல்லை. அது வேலி. வேலியைப் போட்டுவிட்டுப் படலைத் திறந்து வைத்தால் மாடு மேயத்தான் செய்யும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆகவே சங்கம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறது.

ஒன்று: ஊர் ஊராக முகாம் போட்டு, குத்தகைக்காரர் உட்பட ஒவ்வொரு திராட்சை விவசாயியையும் அரசு செலவில் பயனாளராகப் பதிய வேண்டும்.

இரண்டு: வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஊர்ப் பெயரும் குறியீட்டு முத்திரையும் இருக்க வேண்டும். பிற ஊர்ப் பழத்தை நம் பெயரில் விற்பவர் மேல் வழக்குப் போட வேண்டும். சட்டத்தில் சிறைத்தண்டனைக்கே இடமுண்டு.

மூன்று: விலை விழுகிற மாதங்களில் பழத்தைச் சாறாக, ஜாமாக, உலர்திராட்சையாக மாற்ற விவசாயிகள் கூட்டுறவுக்குக் கூடமும் குளிர்பதனக் கிடங்கும் கட்டித் தர வேண்டும்.

நான்கு: குத்தகைக்காரருக்கு எழுத்துப்பூர்வப் பாதுகாப்பு வேண்டும். கொடி பலன் கொடுக்கும்போது ஆளை வெளியேற்றுவது நிற்க வேண்டும்.

அரசிடம் கேட்பது போக, நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏறாத பழத்தை, விலை இருக்கிறது என்று அவசரப்பட்டு வெட்டி அனுப்புகிறோமே, அது நாமே நம் பெயரில் மண் போடுவது. இந்தப் பள்ளத்தாக்கின் பெயரை வியாபாரி கெடுத்தால் கேட்கலாம். நாமே கெடுத்தால் யாரைக் கேட்பது?

பர்கண்டிக்காரனுக்கு வருடத்துக்கு ஒரு விளைச்சல், பாதி வருடம் பனி, தோல் மெலிந்த பழம். அவன் சங்கமாக நின்று தன் பெயரை வாங்கினான். நமக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது, வருடமெல்லாம் வெயில் இருக்கிறது, மணக்கிற பழம் இருக்கிறது. இல்லாதது ஒற்றுமை ஒன்றுதான். அடுத்த வாரம் தாலுகா அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு குலைப் பழம் கொண்டுவாருங்கள். குலையில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கட்டிக்கொண்டு வாருங்கள்!

நம் பழத்துக்கு நம் பெயர்!
நம் பெயருக்கு நம் விலை!
உழவர் ஒற்றுமை ஓங்குக!